குடும்பமும் உற்றாரும் கூடிக் கட்டும் வீடு

இந்தியக் கிராமங்களில் உள்ள வீடுகளில் பெரும்பாலானவை கட்டட நிறுவனங்களால் கட்டப்பட்டவை அல்ல. வீட்டுக்குரியவர் முன்னின்று, குடும்பத்தாரும் உற்றார் உறவினரும் அண்டை அயலாரும் கை கொடுக்க, கூலிக்கு அமர்த்திய ஓரிரு கொத்தனார்கள் அல்லது தச்சர்களின் துணையோடு எழுப்பியவையே அவை. மிசோரம் மலைகளில் ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் பொது உழைப்புக்கு ஹ்னத்லாங் என்று பெயர்; ஒரு குடும்பத்தின் வீட்டுவேலையிலும் இவ்வழக்கம் துணை நிற்பதுண்டு. கட்ச் பிரதேசத்தில் புங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகளின் சுவரை மெழுகி, அதன்மீது மண்ணாலேயே சித்திர வேலை செய்வோர் பெண்கள். அஸ்ஸாமில் மரச்சட்டங்களுக்கு இடையே இக்ரா என்னும் நாணலைப் பரப்பி, மண் பூசி எழுப்பும் சுவர்கள் குடும்பத்தாரின் கைக்கு எட்டிய வேலையாகவே இருந்து வந்துள்ளன.

இவ்வழக்கம் பழமையானது. ஆயினும் வீடு கட்டும் பொருள்கள் மாறிவிட்டன. மண்ணும் மூங்கிலும் மரமும் இருந்த இடத்தில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் வந்திருக்கின்றன. உதவிக்கு வரும் கைகள் பழைய கைகளே. அவற்றின் பழக்கமும் பழைய பொருள்களுக்கு உரிய பழக்கமே. இதனால் விளையும் குறைகளையும், அவற்றைத் தவிர்க்கக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவற்றையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

அரசாங்கத் திட்டங்களும் சுய உழைப்பும்

தேசப் பிரிவினைக்குப் பின் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்காக, 1949-ஆம் ஆண்டில் டில்லிக்கு அருகே ஃபரீதாபாத் நகரியம் அமைக்கப்படலாயிற்று. அங்கு குடியேறியவர்களே செங்கல் அறுக்கவும் சுவர் எழுப்பவும் கற்றுக்கொண்டு, தங்கள் வீடுகளைக் கட்டும் வேலையில் ஈடுபட்டனர். கடை வைத்தும் வாணிபம் செய்தும் வாழ்ந்த குடும்பங்கள் சில மாதங்களில் கட்டட வேலைக்குப் பழகின என்பது, பயிற்சி பெற்ற சுய உழைப்பினால் ஆகக்கூடியதைக் காட்டிற்று. 1954-இல் புது டில்லியில் குறைந்த செலவு வீடுகளுக்கான சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. அவ்வாண்டிலேயே தேசியக் கட்டட அமைப்பும் நிறுவப்பட்டது. 1957-இல் தொடங்கிய கிராம வீட்டு வசதித் திட்டம், தேர்ந்தெடுத்த கிராமங்களில் மக்கள் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளக் கடனும் தொழில்நுட்ப ஆலோசனையும் அளிக்க முற்பட்டது.

பின்னர் வந்த இந்திரா ஆவாஸ் திட்டத்திலும், 2016-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராம வீட்டு வசதித் திட்டத்திலும், ஒப்பந்தக்காரரை நுழையவிடாமல் பயனாளியே வீட்டைக் கட்ட வேண்டும் என்னும் நெறி பின்பற்றப்பட்டது. பிந்திய திட்டம் தொடங்கியபோது சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாயும், மலைப் பகுதிகளிலும் எளிதில் அணுக முடியாத பகுதிகளிலும் 1,30,000 ரூபாயும் உதவித்தொகையாக நிர்ணயிக்கப்பட்டன. வீட்டின் குறைந்த பரப்பு 25 சதுர மீட்டர். இத்தொகை கொண்டு வீட்டை முடிப்பதாயின் குடும்பத்தாரின் உழைப்பு கட்டாயம் சேர வேண்டும். அவ்வுழைப்பு எவ்விடத்தில் எவ்வாறு சேர்கிறது என்பதைப் பொறுத்தே வீட்டின் உறுதி அமைகிறது.

மண்ணின் இயல்பும் சிமெண்டின் இயல்பும்

மண் சுவர் காய்ந்தால் உறுதி பெறும். ஈரம் வெளியேறும்போது களிமண் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பற்றிக்கொள்கின்றன. எனவே மண் வீடு கட்டுவோர் ஒவ்வொரு படையையும் வெயிலில் நன்கு காயவிட்டு, அதன்பின் அடுத்த படையை ஏற்றுவர். குழைத்த மண் இறுகிப் போனால் தண்ணீர் தெளித்து மறுபடியும் மிதிப்பர். இவை இரண்டும் மண்ணுக்குச் சரியான முறைகளே.

சிமெண்டின் இயல்பு இதற்கு மாறானது. சிமெண்டுத் துகள் தண்ணீரோடு இரசாயன மாற்றம் அடைந்து புதிய பொருளாகிறது. அப்பொருளே மணலையும் ஜல்லியையும் பிணைக்கிறது. இம்மாற்றம் பல நாட்கள் நடைபெறுகிறது. அந்நாட்களில் ஈரம் இல்லாவிடில் மாற்றம் பாதியில் நின்றுவிடும். காய்ந்த கலவை கைக்குக் கெட்டியாகத் தோன்றினும் உள்ளே வலுவற்றிருக்கும். நகத்தால் சுரண்டினால் மணல் உதிரும். ஆதலால் மண் சுவரை வெயிலில் காயவிட்டுப் பழகிய குடும்பம் சிமெண்டுச் சுவரையும் அவ்வாறே காயவிடுமாயின், தான் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியை வெயிலுக்குக் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும்.

தண்ணீரின் அளவிலும் இத்தகைய தவறு நேர்கிறது. உதவிக்கு வந்தவர்கள் கலவையை எளிதில் தள்ளவும் அள்ளவும் விரும்பித் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். இரசாயன மாற்றத்துக்கு வேண்டிய அளவுக்கு மேற்பட்ட தண்ணீர் பின்னர் ஆவியாகிவிடும். அது இருந்த இடத்தில் நுண்துளைகள் எஞ்சும். துளைகள் மிகுந்த கான்கிரீட் வலுக் குறைந்தது. அத்துளைகளின் வழியே ஈரமும் காற்றும் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். மேலும், கலந்து வைத்த சிமெண்டுக் கலவை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இறுகத் தொடங்கக்கூடும். இறுகத் தொடங்கியதை மண்ணைப் போலத் தண்ணீர் விட்டு இளக்கி உபயோகிப்பது முற்றிலும் தவிர்க்கத்தக்கது. ஒரு முறைக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே நெறி.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மண் வீட்டில் நேர்ந்த பிழை அடுத்த மழையிலேயே வெளிப்படும். குடும்பத்தார் அதைக் கண்டு பூசிச் சரி செய்வர். கான்கிரீட்டில் நேர்ந்த பிழையோ பூச்சுக்குள் மறைந்து, பல ஆண்டுகள் கழித்து, பெருஞ்சுமையோ நில அதிர்ச்சியோ நேரும் நாளில்தான் வெளிப்படுகிறது. அப்போது திருத்த அவகாசம் இராது.

இரு நில அதிர்ச்சிகள் கற்பித்தவை

1993 செப்டம்பர் 30-ஆம் நாள் விடியற்காலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை நில அதிர்ச்சி தாக்கிற்று. உறக்கத்திலிருந்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீடுகளின் இடிபாட்டிலேயே மாண்டனர். அப்பகுதியில் கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கித் தடித்த சுவர்கள் எழுப்புவது வழக்கம். வெப்பத்தைத் தடுக்கும் பொருட்டு மரக்கூரையின்மீது கனமான மண் படை இடுவர்; பழுது பார்க்கும்போதெல்லாம் அதன்மீது மேலும் மண் ஏற்றப்படும். சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியாக அடுக்கப்பட்டு, இடையே சிறு கற்களும் மண்ணும் நிரப்பப்பட்டிருந்தன. நிலம் அசைந்தபோது இரு முகங்களும் பிரிந்து விழுந்தன. அவற்றின் மேல் கூரை மண் சரிந்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கும். நிலம் திடீரென அசையும்போது வீட்டின் அடி நிலத்தோடு நகர்கிறது. மேற்பகுதி இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. ஓடும் வண்டி திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்வது போன்றது இது. மேற்பகுதி எவ்வளவு கனமோ, அவ்வளவு மிகுதியான விசை சுவரின்மீது விழுகிறது. கனத்த சுவரும் கனத்த கூரையும் பாதுகாப்பு என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் பொய்த்தது. அஸ்ஸாமிலும் மேகாலயத்திலும் 1897-ஆம் ஆண்டின் பெரும் நில அதிர்ச்சி கல் கட்டடங்களை வீழ்த்திய பிறகு, மரச்சட்டமும் இக்ரா சுவரும் இலேசான கூரையும் கொண்ட வீடுகள் பரவியது இதே படிப்பினையால்தான்.

2001 ஜனவரி 26-ஆம் நாள் காலையில் கட்சில் நேர்ந்த நில அதிர்ச்சியில் 13,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அடியோடு அழிந்தன. நன்கு பராமரிக்கப்பட்ட புங்கா வீடுகள் பல அதைத் தாங்கி நின்றன. சுவர் வட்டமாயிருப்பதால் மூலை இல்லை. ஆதலால் மூலையில் தொடங்கும் பிளவும் இல்லை. உயரம் குறைவு, கூம்பு வடிவான புல்வேய்ந்த கூரை இலேசானது. குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த வடிவமே பொறியியல் நெறிக்கும் பொருந்தியிருந்தது.

அழிந்த வீடுகளை மீண்டும் எழுப்பும்போது குஜராத் அரசாங்கம் உரியவரே கட்டும் முறையைப் பெரிதும் மேற்கொண்டது. உதவித்தொகை மூன்று தவணைகளாக வழங்கப்பட்டது. குறிப்பிட்ட கட்டம் முடிந்ததைப் பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. கொத்தனார்களுக்கு நில அதிர்ச்சியைத் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. சேது கேந்திரங்கள் எனப்பட்ட கிராம நிலையங்கள் மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே தகவல் பாலமாக இயங்கின. இவ்வாறு ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களாலேயே மறுபடியும் கட்டப்பட்டன. பணமும் உழைப்பும் மட்டும் இவ்வெற்றிக்குப் போதுமானவையாக இருக்கவில்லை. வேலை மறைந்துபோவதற்கு முன், அறிந்த ஒருவர் வந்து பார்த்தார் என்பதே இதில் முக்கியமானது.

யார் எதைச் செய்யலாம்?

உதவிக்கு வருவோரின் ஆர்வம் பெரிது. ஆனால் எல்லா வேலையும் எல்லோருக்கும் உரியதன்று. வேலைகளை மூவகையாகப் பிரித்துக் கொள்வது நலம்.

முதல் வகை, சிறிதளவு சொல்லிக் கொடுத்தாலே குடும்பத்தார் செய்யக்கூடியவை: மனையைச் சுத்தம் செய்தல், வானம் தோண்டுதல், மண் சலித்தல், கட்டி அச்சிடுதல், செங்கல்லை நனைத்தல், கல்லும் மணலும் சுமத்தல், அடித்தளத்துக்குள் மண் நிரப்பித் திமிசு போடுதல், கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுதல், வெள்ளையடித்தல். வீட்டு வேலையின் உடலுழைப்பில் பெரும்பங்கு இவற்றிலேயே அடங்கியுள்ளது.

இரண்டாம் வகை, தேர்ந்தவரின் கண் எதிரே செய்யத்தக்கவை: கலவை கலத்தல், கான்கிரீட்டைப் பெட்டியில் இட்டுக் குத்தி நிரப்புதல், கம்பி வளைத்துக் கட்டுதல்.

மூன்றாம் வகை, தேர்ந்தவரே செய்ய வேண்டியவை: மூலைகளை எழுப்புதல், தூக்குக்குண்டும் இரசமட்டமும் பிடித்தல், நிலை நிறுத்துதல், தளத்துக்கு முட்டுக் கொடுத்தல், கம்பியின் இடத்தை நிர்ணயித்தல், மின்சார இணைப்பு. இவற்றில் கூலியை மிச்சம் பிடிப்பது உண்மையான மிச்சம் ஆகாது.

மண்ணை அறிதல்

சுவருக்கு வேண்டிய மண் பெரும்பாலும் மனையிலோ அதன் அருகிலோ கிடைக்கும். அம்மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்து, அச்சில் அழுத்திச் செய்யும் கட்டிகள் சூளை விறகைச் சேமிப்பவை. பஞ்சாபில், இன்று ஹரியானாவைச் சேர்ந்த கர்னாலில், 1948-ஆம் ஆண்டிலேயே சிமெண்டு கலந்த மண்ணை இடித்து ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. 1950-களின் நடுவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இருந்த வீட்டு வசதி நிலையத்தில் பொறியாளர் ராவுல் ராமிரெஸ் வகுத்த கைநெம்பு அச்சுப்பொறி உலகெங்கும் பரவிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் தோன்றிய ஆஸ்த்ரா என்னும் கிராமத் தொழில்நுட்ப அமைப்பு, நம் நாட்டு மண்ணுக்கேற்ற அச்சுப்பொறிகளையும் கலவை முறைகளையும் ஆராய்ந்து பரப்பிற்று.

மண்ணைத் தேர்வதற்குரிய மூன்று சோதனைகளைப் பள்ளி மாணவரும் செய்யலாம். மேல்மண்ணில் இலையும் வேரும் மட்கியிருக்குமாதலின் அதனை அகற்றிவிட்டு, கீழ்மண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, புட்டிச் சோதனை. நேரான பக்கங்களையுடைய கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மேலே தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் உடனே அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் மெல்லப் படியும். களிமண் ஒரு நாள் கழித்தே முழுதும் படியும். அடுக்குகளை அளந்து பங்குகளைக் கணக்கிடலாம். பாதிக்கு மேல் மணலும் அளவான களியும் உள்ள மண்ணே சிமெண்டோடு சேர்வதற்கு ஏற்றது.

இரண்டாவது, சுருக்கச் சோதனை. உள்ளளவில் 60 செ.மீ. நீளமும், 4 செ.மீ. அகலமும், 4 செ.மீ. ஆழமும் உள்ள மரப்பெட்டியின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, ஈர மண்ணை அழுத்தி நிரப்பி நன்கு உலர விட வேண்டும். உலர்ந்த மண்ணை ஒரு கோடிக்குத் தள்ளி, மறு கோடியில் ஏற்படும் இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி ஒன்றரை செ.மீ.-க்குள் இருந்தால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்டு போதும். இடைவெளி கூடக்கூடச் சிமெண்டின் பங்கும் கூட வேண்டும், 5 செ.மீ. அளவில் அது 12-க்கு ஒன்றாகும். அதற்கும் மிகுமாயின் மணல் சேர்க்க வேண்டும், அல்லது வேறு மண் தேட வேண்டும்.

மூன்றாவது, ஈரச் சோதனை. கலந்த மண்ணைக் கையில் உருண்டையாகப் பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழவிட வேண்டும். சில துண்டுகளாக உடைந்தால் ஈரம் சரி. உடையாமல் தட்டையானால் ஈரம் மிகுதி. பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது.

ஒரு கட்டியின் எடை 8 கிலோ என்றும், எடையில் 6 விழுக்காடு சிமெண்டு என்றும் கொண்டால், 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 100 கட்டிகள் ஆகும். மூவாயிரம் கட்டிகள் வேண்டிய சிறு வீட்டுக்கு 30 மூட்டைகள். நாளொன்றுக்கு 300 கட்டிகள் வீதம் பத்து நாள் வேலை. செய்த கட்டிகளை நிழலில் அடுக்கி, ஈர வைக்கோலால் மூடி, மூன்று வாரங்களாவது நனைத்து வர வேண்டும். இம்மூன்று வாரம் பொறுமையின்றிக் கட்டிகளை வெயிலில் உலர்த்தினால் அவற்றில் சேர்த்த சிமெண்டின் பயன் பெரும்பாலும் வீணாகும்.

கரிசல் நிலத்தில் தனிக் கவனம் வேண்டும். அம்மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி, மேலோட்டமான அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரைப் பிளக்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென, அடியில் குமிழ் போல் அகன்ற சிறு கான்கிரீட் தூண்களை வகுத்துள்ளது. குமிழின் விட்டம் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழத்தில், வழக்கமாக மூன்றரை மீட்டர் அளவில், அவை ஊன்றி நிற்கும். துளை தோண்டும் துருவியைக் கையாலேயே சுற்றலாமாதலின், தேர்ந்தவர் ஒருவர் முன்னிருக்க உற்றார் பலர் கூடிச் செய்வதற்கு இது ஏற்ற வேலை.

சுவரை ஒன்றாகப் பிணைத்தல்

மனையில் கயிறு கட்டும்போது மூலை செங்கோணமாக அமைய வேண்டும். ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் அளந்து குறியிட்டு, குறிகளுக்கு இடையே 5 மீட்டர் வருமாறு கயிற்றைத் திருத்தினால் மூலை நேராகும். முழு அறையின் இரு மூலைவிட்டங்களும் சமமாயிருப்பது இரண்டாவது சோதனை.

கல் சுவரின் கனம் 45 செ.மீ.-க்கு மேற்படலாகாது. உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் நீண்ட கற்களை, ஒவ்வொரு 60 செ.மீ. உயரத்திலும், நீளவாக்கில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியிலும் வைக்க வேண்டும். லாத்தூர்ச் சுவர்களில் இல்லாதவை இக்கற்களே. வெறும் மண் சுவராயின் அதன் உயரம் கனத்தைப்போல் 8 மடங்குக்கும், குறுக்குச் சுவர்களுக்கு இடைப்பட்ட நீளம் 10 மடங்குக்கும் மிகாதிருக்க வேண்டும். கதவும் சன்னலும் மூலையிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி அமைய வேண்டும். 1993-இல் வெளியான இந்தியத் தர விதிகள் இவற்றை விரிவாகக் கூறுகின்றன.

வீட்டின் எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை ஓடுதல் வேண்டும். அடித்தள மட்டத்திலும், கதவு சன்னல்களின் தலைமட்டத்திலும், சரிவான கூரையாயின் கூரையின் அடியிலும் அது அமையும். கொத்தனார்கள் இதனைப் பெல்ட் என்பர். மூட்டைக்குக் கயிறு எவ்வாறோ அவ்வாறே வீட்டுக்கு இப்பட்டை. கயிறு ஓரிடத்தில் அறுந்தால் முழுதும் பயனற்றுப் போவதுபோல், பட்டையும் எவ்விடத்திலும் அறாமல் ஓட வேண்டும். மூலையில் கம்பிகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்று போதிய நீளம் செல்லுமாறு கட்ட வேண்டும். செலவைக் குறைக்கும் பொருட்டு வாயிலின் மேல் மட்டும் சிறு உத்தரம் இட்டு நிறுத்திக்கொள்வது, நில அதிர்ச்சிப் பகுதிகளில் பேராபத்து.

தளம் போடும் நாள்

உற்றார் அனைவரும் கூடும் நாள் தளம் போடும் நாளே. மிகுந்த கட்டுப்பாடு வேண்டிய நாளும் அதுவே. தளத்தின் கம்பிகள் அடிப்பக்கத்தில் அமைவதற்குக் காரணம், தளம் சுமையால் வளையும்போது அடிப்பக்கம் இழுபடுவதாகும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுவருக்கு வெளியே நீளும் சன்ஷேடில் நிலைமை தலைகீழ்: அங்கே மேற்பக்கமே இழுபடுகிறது, ஆகவே முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். உதவுவோர் கம்பியின்மீது நடந்து அதனைக் கீழே மிதித்துவிட்டால், முட்டை எடுக்கும் அன்றே சன்ஷேடு ஒடிந்து விழக்கூடும். நடப்பதற்குத் தனிப் பலகை போடுவதும், கான்கிரீட் விழும் இடத்தில் ஒருவர் கம்பியின் நிலையைக் கவனித்து நிற்பதும் அவசியம்.

சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின் 7 நாட்களும், சாம்பல் போன்ற பொருள் சேர்ந்த கலப்புச் சிமெண்டாயின் 10 நாட்களும் ஈரம் காத்தல் வேண்டும். வறண்ட கோடையில் இவை முறையே 10 நாட்களும் 14 நாட்களும் ஆகும். 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன்னும், அதனினும் நீண்ட தளத்தின் முட்டுகளை 14 நாட்களுக்கு முன்னும் எடுக்கலாகாது. கலப்புச் சிமெண்டாயின் இன்னும் சில நாட்கள் பொறுத்தல் நலம்.

காலமும் கணக்கும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பது பழமொழி. இரண்டும் செலவில் மட்டும் ஒத்தவை அல்ல. இரண்டும் உற்றார் இன்றி நடவாதவை, இரண்டிலும் உற்றார்க்குச் சோறிட வேண்டும். கூலியின்றி வரும் உழைப்புக்கும் விலை உண்டு. உணவு, வெற்றிலை, தேநீர், போக்குவரத்து ஆகியவற்றை முதலிலேயே மதிப்பில் சேர்க்காத குடும்பம், கூரை போடும் தறுவாயில் கடன் தேட நேரிடுகிறது. பதிலுழைப்பும் ஒரு கடனே. யார் எத்தனை நாள் வந்தார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது பின்னால் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

அறுவடை முடிந்த பின் வேலையைத் தொடங்கி, மழைக்கு முன் கூரையை முடிப்பது வழக்கம். இந்தக் காலக்கணக்கில் கட்டி ஊறும் மூன்று வாரமும், கான்கிரீட் ஈரம் காக்கும் நாட்களும் வேலை நாட்களாகவே சேர்க்கப்பட வேண்டும். பார்வைக்கு அவை சும்மா இருக்கும் நாட்கள். உறவினர் திரும்பிச் சென்றுவிட, தண்ணீர் விடும் பொறுப்பு வீட்டுப் பெண்கள்மீதும் முதியோர்மீதும் விழுகிறது. தண்ணீர் தொலைவிலிருந்து சுமக்கப்படும் ஊரில் இது கடுமையான வேலை. ஈரச் சாக்கையோ வைக்கோலையோ பரப்பி மூடினால் தண்ணீரும் உழைப்பும் வெகுவாகக் குறையும். வேலை தொடங்கும் முன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வதே முதல் ஏற்பாடாதல் வேண்டும்.

உதவிக்கு வந்தவர் காயமுற்றால் நட்டம் இரு குடும்பங்களுக்கு. ஆழமான வானத்தின் விளிம்பில் தோண்டிய மண்ணைக் குவிக்கலாகாது. சாரக்கட்டை உறுதியாகக் கட்ட வேண்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். குழந்தைகளைக் கலவையினின்று விலக்கி வைக்க வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

ஒரு வீடு எழும்போது களப்பணியாளர் நாள்தோறும் அங்கு நிற்க இயலாது. நிற்க வேண்டுவதும் இல்லை. ஐந்து தருணங்களில் வந்து பார்த்தால் போதும்: வானம் தோண்டி முடிந்து கல் இறங்கும் முன், முதல் கட்டிகள் அச்சிடும் நாள், அடித்தளப் பட்டைக்குக் கம்பி கட்டியதும், தலைமட்டப் பட்டைக்குக் கம்பி கட்டியதும், தளத்துக்கு அல்லது கூரைக்கு முந்திய நாள். இவை ஒவ்வொன்றும், பின்னர் காண இயலாதவாறு ஏதோ ஒன்று மூடப்படுவதற்கு முந்திய தருணம். இவ்வைந்து நாட்களின் தேதிகளைக் குடும்பத்தாரோடு பேசி முன்னரே குறித்துக்கொள்வது நலம். தவணைத் தொகையை விடுவிக்கும் பார்வையும் இத்தருணங்களோடு இணைந்தால், குடும்பம் பார்வையைத் தொல்லையாகக் கருதாமல் உதவியாகக் கருதும்.

ஆசிரியரின் வாய்ப்பு இதனினும் பெரிது. 3, 4, 5 என்னும் முக்கோணமும், மூட்டைக்கு எத்தனை கட்டி என்னும் கணக்கும், புட்டியில் மண் படியும் காட்சியும் வகுப்பறைக்கு உரியவை. இவற்றோடு ஓர் எளிய சோதனையும் சேரலாம். ஒரே சிமெண்டுச் சாந்தில் இரு சிறு கட்டிகள் வார்த்து, மறுநாள் அச்சினின்று எடுத்து, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை ஈரச் சாக்கிலும் 14 நாட்கள் வைக்க வேண்டும். பின் இரண்டையும் ஆணியால் கீறச் செய்தால், வெயிலில் காய்ந்தது எளிதில் உதிர்வதையும், ஈரத்தில் இருந்தது ஆணியை எதிர்ப்பதையும் மாணவர் தம் கையாலேயே உணர்வர்.

அம்மாணவர்களுள் ஒருவருடைய வீட்டில் அடுத்த கோடையில் சுவர் எழும்பலாம். கட்டியவுடன் வெயிலில் காயவிடுவோம் என்று பெரியவர் ஒருவர் சொல்லும்போது, சிமெண்டுக்கு ஈரம் வேண்டும் என்று கூற அவ்வீட்டிலேயே ஒருவர் இருப்பார். உற்றாரின் உழைப்பு பல ஊர்களில் இன்றும் குறைவின்றிக் கிடைக்கிறது. அவ்வுழைப்பு தொடங்கும் முன்பே அறிவும் அங்கு சென்று சேருமாறு செய்வது களப்பணியாளர், ஆசிரியர் ஆகிய இருவருடைய கடமையாகும்.